மாந்தோப்பில் அடித்த முளைகள்

ருக்ஸாருக்கு அன்றைக்குக் காலையிலிருந்தே எதுவும் பிடிபடவில்லை. தான் எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்பதே குழப்பமாக இருந்தால் மற்றதைப் பற்றி என்ன சொல்ல? பேரிகை ஊரைத் தாண்டி சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தவளைக் கர்நாடகம் வரவேற்பதாகப் போனில் செய்தி வந்தது. அரை மணி கழித்து ஆந்திரம் வரவேற்றது. டீக்கடையில் வழி கேட்டால், கடைக்காரர் கன்னடத்தில் இடது பக்கம் என்றார். டீ குடித்துக்கொண்டிருந்தவர் தெலுங்கில் நேராகப் போகச் சொன்னார். இரண்டையும் அவளுக்குத் தமிழில் விளக்கிய புண்ணியவதி வலது பக்கம் கையைக் காட்டினாள். மூன்று பேரும் நல்ல மனுஷர்கள்தான். அவர்களை நம்பிப் பதினெட்டு கிலோமீட்டர் வீணாக மிதித்ததுதான் மிச்சம்.

பிறகு பஞ்சர். கருவேல முள் பின் டயரில் ஏறி டியூபில் இரண்டு இடத்தில் ஓட்டை போட்டிருந்தது. ஒட்டு போட்டு, காற்றடித்து, ஏறி உட்கார்ந்து மிதித்தால் காலையில் கடந்த அதே கல்குவாரி மறுபடியும் எதிரில் வந்து நின்றது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதாள். யாரும் பார்க்கவில்லை என்பதால் கொஞ்சம் நன்றாகவே அழுதாள்.

போனை எடுத்து அண்ணன் சாஜித்தைக் கூப்பிட ஒரு நிமிஷம் ஆகாது. கூப்பிட்டால் தீர்ந்தது கதை. ஓசூரில் ஒரு கம்பெனியில் பாகங்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை ருக்ஸாருக்கு. ஏழு வருஷமாகக் கம்பெனி ஹாஸ்டலில் ஒரே அறையில் ஆறு பேரோடு இருக்கிறாள். தனியாக ஒரு வீடு எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது. வாப்பா போன பிறகு வீட்டுக்குப் பெரியவன் சாஜித்தான். கடைசியில் அவன் ஒரு வழி சொன்னான். "ஓசூர்லருந்து ஜவ்வாது மலை வரைக்கும் சைக்கிள்ல தனியா போய்ட்டு வர்றேன்றயே, போ. ஆறு நாள். சாயங்காலம் ஒரு போட்டோ அனுப்பு, போதும். அதுக்கு மேல ஒரு போனோ ஒரு எழுத்தோ வந்துச்சுன்னா, எதுக்குன்னு கூட கேக்க மாட்டேன், வண்டிய எடுத்துக்கிட்டு வந்துடுவேன். அப்புறம் தனி வீடுன்னு பேசக் கூடாது. முழுசா முடிச்சுட்டன்னா நானே வந்து பால் காய்ச்சறேன்." ரெண்டாம் நாளே போன் வரும் என்று அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னதும் அவள் காதில் விழுந்திருந்தது.

இன்றைக்கு இரண்டாம் நாள். போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

வேப்பனப்பள்ளிக்கு இப்பால் ஒரு மாந்தோப்பைப் பார்த்ததும் கால்கள் தாமாக நின்றுவிட்டன. மணி மூன்றரைதான். ஆனால் இதற்கு மேல் மிதிக்க உடம்பில் ஒன்றுமில்லை. மரங்களில் பிஞ்சு விட்டிருந்தது. வேலி இல்லை. கேட்கலாம் என்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய வரை ஆளும் இல்லை. கூடாரத்துக்குச் சமதரையாகப் பத்தடி வேண்டுமே என்று இரண்டு மரங்களுக்கு நடுவே வாய்விட்டு எண்ணிக்கொண்டே அடி வைத்து அளந்தாள். ஆறு முளைகளைக் கல்லால் தட்டி இறக்கினாள். கயிறு யாரையும் தடுக்கிவிடக் கூடாதே என்று சிவப்பு ரிப்பன் கட்டினாள். சாயங்காலக் கணக்குக்கு நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு, தோப்பின் கோடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்ட பக்கம் முகம் கழுவப் போனாள்.

திரும்பி வந்தபோது கூடாரம் தரையோடு கிடந்தது. சைக்கிள் ஒரு டிராக்டர் மேல் ஏறியிருந்தது. நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஐம்பத்தைந்து வயசு இருக்கும் ஒரு பெண்மணி, பிடுங்கிய முளைகளை முந்தானையில் போட்டு இறுக்கிப் பிடித்திருந்தார்.

"மேடம், அன்னிக்கே சொன்னமா இல்லியா? எங்களுக்குச் சொல்லாம தோப்புக்குள்ள கால் வெக்கக் கூடாதுன்னு?" என்றார் முன்னால் நின்ற ஆள்.

ருக்ஸார் திரும்பித் தன் பின்னால் ஏதாவது மேடம் நிற்கிறாளா என்று பார்த்தாள்.

"நான் இன்னிக்குத்தாங்க முதல் தடவையா வர்றேன்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க. போன மாசம் வந்தவங்க சும்மா பாக்க வந்தோம்னுட்டு மரத்துல நம்பர் எழுதிட்டுப் போய்ட்டாங்க. இப்ப முளை அடிக்க உங்கள அனுப்பிட்டாங்களா?"

அப்போதுதான் அவள் மரங்களைச் சரியாகப் பார்த்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளைப் பெயின்டில் எண். அறுபத்தொன்று, அறுபத்திரண்டு. மாங்காய் வியாபாரி போட்டிருப்பான் என்று நினைத்திருந்தாள். அவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள், யார் அனுப்பினார்கள், தன்னை ஏன் மேடம் என்கிறார்கள், ஒன்றும் புரியவில்லை.

"நான் சைக்கிள்ல ஊர் சுத்தறவங்க. இது படுக்கறதுக்கு."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"என்னாத்துக்கு?"

இந்த ஒரு கேள்விக்கு அவளிடம் நாலு பேர் நம்பும்படி பதில் இல்லை. ஹாஸ்டலில் கூட யாரும் நம்பவில்லை. அவள் விழித்ததைப் பார்த்து அந்தப் பெண்மணி விரலை நீட்டினார்.

"பொய்யி. சட்டையப் பாரு முனிவேலு."

ருக்ஸாரும் குனிந்து பார்த்தாள். லாரிக்காரன் கண்ணில் படட்டும் என்று கம்பெனியில் கொடுத்த மின்னும் பச்சைச் சட்டையைப் போட்டிருந்தாள். தலையில் மஞ்சள் ஹெல்மெட். கையில் போன். இந்த வேஷத்தில் மரத்துக்கு மரம் அடி எண்ணி, முளை அடித்து, சிவப்பு ரிப்பன் கட்டி, போட்டோவும் எடுத்தால் நிலம் அளக்க வந்தவள் என்று நினைக்காமல் வேறு என்னவென்று நினைப்பார்கள்? கம்பெனிகளுக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அந்தப் பக்கம் ஒரு வருஷமாக ஓடுகிறது. அது அவள் புத்திக்கு இப்போதுதான் எட்டியது.

முன்னால் நின்ற முனிவேல் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, வூட்ல பெரியவங்களுக்குப் போன் போடு. எங்க பொண்ணுதான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், சைக்கிள இறக்கிடறோம்."

"போன் பண்ண முடியாதுங்க."

"ஏன்?"

"பண்ண மாட்டேன்."

அவ்வளவுதான், சந்தேகம் இரண்டு மடங்காகிவிட்டது. பின்னால் நின்றவர்கள் தெலுங்கில் படபடவென்று பேசிக்கொண்டார்கள். ருக்ஸாருக்குப் பயமாக இருந்தது. ஒரே ஒரு போன் போதும், எல்லாம் முடிந்துவிடும். வீடும் முடிந்துவிடும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தப் பெண்மணியிடம் கையை நீட்டினாள்.

"அந்த முளைங்களக் குடுங்க. கட்டிக் காட்டறேன்."

ஐந்து பேர் சுற்றி நிற்க, போனைப் பைக்குள் போட்டுவிட்டு அவள் கூடாரம் கட்டினாள். பதற்றத்தில் கம்பியைத் தலைகீழாகச் செருகி, அவிழ்த்து, மறுபடி செருகினாள். எழுந்து நின்ற நீலக் கூடாரத்தை அந்தப் பெண்மணி ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு யாரையும் கேட்காமல் தவழ்ந்து உள்ளே போனார். பாயைத் தட்டினார், படுத்தார், கால் வெளியே நீண்டது. உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அடி பைத்தியக்காரி! இதுல படுக்கவா இவ்ளோ தூரம் மிதிச்சுக்கிட்டு வந்த? வூட்ல இடமில்லியா?"

"இல்லீங்க," என்றாள் ருக்ஸார். அது உண்மையாகவும் இருந்தது.

சைக்கிள் இறங்கியது. யாரோ சொம்பில் மோர் கொண்டுவந்தார்கள். பெண்மணியின் பெயர் வெங்கடம்மாள் என்றும், தோப்பு அவருடையது என்றும், முனிவேல் அவருடைய கொழுந்தனார் என்றும் பேச்சுவாக்கில் தெரிந்தது. மோரைக் குடித்து முடிக்கும்வரை வெங்கடம்மாள் அந்தப் பச்சைச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்பெனியில என்னா பேசிக்கிறாங்க? எங்க நிலம் போவுதா, இல்லியா? போவுதுன்னு ஒருத்தன் சொல்றான், பக்கத்தூரோட நிக்குதுன்னு இன்னொருத்தன் சொல்றான். மருந்தடிக்கறதா வேணாமான்னு தெரில. பொண்ணுக்கு நாள் குறிக்கறதா வேணாமான்னு தெரில. ஒண்ணும் புரிலம்மா."

அந்தக் குழப்பத்தோடு ஒப்பிட்டால் தன்னுடைய பதினெட்டு கிலோமீட்டர் ஒன்றுமே இல்லை என்று ருக்ஸாருக்குப் பட்டது. எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். சாஜித் கிருஷ்ணகிரியில் தாலுகா ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். நிலம் எடுக்கிற லிஸ்ட் என்று அறுபது பக்கம் போட்டுப் போட்டே மிஷின் சூடேறிவிட்டது, கேட்பவர்களுக்காகக் கடையிலும் ஒன்று வைத்திருக்கிறேன் என்று மூன்று நாள் முன்புதான் புலம்பினான். அப்போது அவள் டியூப் வாங்குவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள்.

சும்மா இருந்துவிடலாம். இவர்களுக்கு எப்படியும் என்றைக்காவது தெரியத்தான் போகிறது. நாளைக்குக் காலையில் கிளம்பினால் பர்கூர், அப்புறம் மலை. இன்னும் நாலே நாள். தனி அறை, தன்னுடைய சாவி, இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்து யாரையும் எழுப்பாமல் விளக்குப் போட்டுக்கொள்ளலாம். வெங்கடம்மாள் காலிச் சொம்பை வாங்கிக்கொண்டு இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க சர்வே நம்பர் என்னங்க?" என்று கேட்டுவிட்டுப் பையின் ஜிப்பைத் திறந்தாள்.

முதல் மணியிலேயே சாஜித் எடுத்தான். "எங்க இருக்க? அடி கிடி பட்டுச்சா?"

"நல்லாருக்கேண்ணா. அந்த லிஸ்டுல ஒரு நம்பர் பாரு. இருநூத்திப் பதினாலுல ரெண்டு. வேப்பனப்பள்ளி பக்கம்."

"இதுக்கா போன் பண்ண? பந்தயத்துல தோத்துட்ட, தெரியும்ல?"

"தெரியும். பாரு."

காகிதம் புரளும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"இருக்கு," என்றான். அவன் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "மொத்தமும் போவுது. வெங்கடம்மாள்னு பேரே போட்டிருக்கு. மாமரம் எழுபத்திரண்டு."

ருக்ஸார் போனைக் காதிலிருந்து இறக்கினாள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவளை யாரென்று நினைத்து முளைகளைப் பிடுங்கினார்களோ, அந்த ஆள் செய்ய வேண்டியதை இப்போது அவள் செய்ய வேண்டியிருந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அப்படியே சொன்னாள். நிலம் லிஸ்டில் இருக்கிறது என்றாள், மரக்கணக்கையும் சொன்னாள்.

முனிவேல் டிராக்டர் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். வெங்கடம்மாள் அசையவில்லை.

"எத்தினி மரம்னு சொன்ன?"

"எழுபத்திரண்டு."

"எழுபத்தி நாலு. கெணத்துக்கிட்ட ரெண்டு மரத்த வுட்டுட்டான். நான் வெச்ச மரம் எனக்குத் தெரியாதா?" வெங்கடம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். "வா, காட்டறேன். நீயே எண்ணு."

போனில் சாஜித் இன்னும் இருந்தான். "ருக்ஸார், நான் வண்டிய எடுக்கறேன். எந்த இடம்னு சொல்லு."

"சொல்றேன், வாண்ணா," என்றாள் அவள். "வரும்போது அந்த லிஸ்டையும் எடுத்துக்கிட்டு வா."

வெங்கடம்மாள் அதற்குள் கிணற்றுப் பக்கம் பாதி தூரம் போயிருந்தார். ருக்ஸார் பச்சைச் சட்டையைக் கழற்றி சைக்கிள் மேல் போட்டுவிட்டு, முதல் மரத்திலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.