அழுகைக் கட்டை

என் வீட்டுக்காரர் கீபோர்டு வாசிப்பார், நான் பாடுவேன். ஒரு ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில், வாரத்தில் ஐந்து நாள், மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை. டிரம்காரர், கிதார்காரர் என்று யாரும் கிடையாது. ஒரு தாள ஸ்டைலைத் தேர்ந்தெடுத்து, இடது கையால் இரண்டு மூன்று கட்டைகளைச் சேர்த்து அமுக்கி ஒரு கார்டு பிடித்தால் போதும், டிரம், பேஸ், கிதார் எல்லாவற்றையும் மெஷினே வாசித்துவிடும். வலது கையால் அவர் மெட்டை வாசிப்பார். இடது கையை எடுத்துவிட்டாலும் மெஷின் நிற்காது. தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

எட்டு மாதமாக நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் ஒரே மகள் பத்தொன்பது வயதில், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். முதல் மாதம் அழுதேன். அப்புறம் அதுவும் வரவில்லை. குளித்தேன், சமைத்தேன், ஓட்டலுக்குப் போனேன், பாடினேன். சாப்பாட்டில் உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியாது. அவரும் சொன்னதில்லை.

ஆனால் அவர் வேறு மாதிரி ஆகிவிட்டார். முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டு, பொத்தானெல்லாம் மாட்டிக்கொண்டு வருகிற மனிதர், மகள் போன பிறகு பனியன் மாதிரி ஒரு சட்டையைத் தலைவழியே மாட்டிக்கொண்டு கிளம்பினார். கயிறு கட்டுகிற ஷூவை விட்டுவிட்டுச் செருப்புக்கு மாறினார். நடக்கும்போது ஒரு கையைப் பையில் விட்டுக்கொண்டு ஒரு ஸ்டைல் வேறு. ஐம்பத்திரண்டு வயதில் ஐயாவுக்கு இளமை திரும்புகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதைக்கூட விட்டுவிடலாம். பாட்டுதான் பொறுக்கவில்லை. மேஜர் கார்டு பிடித்தால் பாட்டு சிரிக்கும், மைனர் பிடித்தால் கலங்கும். நாங்கள் பாடுகிறதில் பாதி கலங்குகிற பாட்டு. ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பிய அன்றிலிருந்து, அவர் மைனர் பக்கமே போகவில்லை. என் குரல் ஒரு பக்கம் இழுக்கும், பின்னால் மெஷின் கல்யாண வீடு மாதிரி குதிக்கும்.

ஒரே ஒரு முறை கேட்டேன். "ஏங்க, அந்த எடத்துல மைனர்தானே வரும்?"

"சாப்பிட வந்தவங்கள எதுக்கு அழ வைக்கணும்? இப்படியே இருக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்த மனிதருக்கு மகள் போனது இவ்வளவுதான் போல, என்று மட்டும் தோன்றியது. அதற்குப் பிறகு நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஓட்டலில் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்று பாடுவேன், வீட்டிலும் அதே கதைதான்.

தங்கை போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். "வந்துடுக்கா. அந்த ஆளோட ஒரே கூரைக்குக் கீழ இருந்து இருந்து நீயும் கல்லாயிட்ட." சரி என்று ஒரு பையில் துணியை அடுக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தேன். இன்றைக்கு, நாளைக்கு என்று நாள் போனது. கிளம்புவதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே.

அன்று மாலை மேனேஜர் ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினார். "அஞ்சாம் டேபிள்ல கேக்கறாங்க மேடம். உங்க தாலாட்டு. ரொம்ப நாளாச்சே பாடி."

என் வீட்டுக்காரர் மகளுக்காகவே மெட்டுப் போட்ட தாலாட்டு அது. அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது, கீபோர்டின் இடது பக்கம் முக்காலி போட்டு ஏறி நிற்பாள். மெஷினில் ஒற்றை விரலால் வாசிக்கிற முறை ஒன்று உண்டு. ஒரு கட்டையை அமுக்கினால் முழு மேஜர் கார்டும் கேட்கும். அதோடு இடது பக்கமாக ஒரு கறுப்புக் கட்டையையும் சேர்த்து அமுக்கினால் மைனர். அப்பா வெள்ளையை அமுக்குவார், மகள் கறுப்பை அமுக்குவாள். அதற்கு அவள் வைத்த பெயர் அழுகைக் கட்டை. "அப்பா, இப்ப அழுகைக் கட்டையா?" என்று கேட்டுக் கேட்டு அமுக்குவாள். மற்றபடி அவர் அந்த முறையைத் தொட மாட்டார். குழந்தைகள் வாசிக்கிற வாசிப்பு அது என்பார்.

இதையும் சிரிக்க வைத்தாரென்றால் நாளைக் காலை முதல் பஸ், என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.

ஒரு பெரிய கூட்டத்துக்காக மேஜைகளைச் சேர்த்துப் போட்டிருந்ததால் எனக்கு முன்னால் நிற்க இடமில்லை. மைக்கோடு அவருக்கு இடது பக்கம் போய் ஒட்டிக்கொண்டு நின்றேன். மெஷின் ஆரம்பித்தது. மேஜர். அதே குதிப்பு.

சரிதான், என்று குனிந்தேன். அப்போதுதான் அவருடைய இடது கையைப் பார்த்தேன்.

நான்கு விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தன. ஆள்காட்டி விரல் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டைமேல் இருந்தது. மைனர் வரவேண்டிய இடத்தில் நடுவிரலைப் பிரிக்கப் பார்த்தார். அது அசையவில்லை. ஆள்காட்டி விரலைச் சாய்த்துக் கறுப்பைத் தொடப் பார்த்தார். வழுக்கியது. கழுத்தெல்லாம் வியர்வை. பனியன் சட்டை, செருப்பு, பையில் விட்ட கை எல்லாம் எனக்கு அந்த ஒரு நிமிஷத்தில் விளங்கின. கண்ணிருந்தும் குருடியாக இருந்திருக்கிறேன்.

முதல் வரி பாட வேண்டிய இடம் வந்தது. நான் கையை நீட்டி அழுகைக் கட்டையை அமுக்கினேன்.

மெஷினில் இருந்த அத்தனை பேரும் கலங்கினார்கள். அவர் என் விரலைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. நான் பாடினேன். இரண்டாவது வரியில் குரல் உடைந்தது. ஏழு மாதமாக வராத கண்ணீர் மைக் மேலேயே கொட்டியது. அழுதுகொண்டே பாடி முடித்தேன். அஞ்சாம் டேபிளில் கைதட்டினார்கள்.

"எப்போலேர்ந்து?" என்றேன்.

"பாப்பாவக் கொண்டு போனோமே, அதுக்கு மறுநாள். காலைல எந்திரிக்கறேன், கை வரல. மூளைல சின்ன அடைப்புன்னாரு டாக்டர். மாத்திரை சாப்பிடறேன்."

"என்கிட்ட சொன்னா வாய் வலிக்குமா உங்களுக்கு?"

"நீ ஒரு தடவ திரும்பிப் பாத்திருந்தா சொல்லியிருப்பேன்மா."

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கட்டிலுக்கடியில பை இருக்கே," என்றார் மெதுவாக. "நாளைக்கா?"

"அது பழைய துணி. தூக்கிப் போட எடுத்து வச்சது."

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஸ்டைலைத் தேடினார். அடுத்தது ஒரு குஷியான பாட்டு, அதில் அழுகைக் கட்டைக்கு வேலையே இல்லை. முன்பக்கம் இடமும் காலியாகிவிட்டது. ஆனாலும் நான் அவருடைய இடது பக்கத்திலேயே நின்று பாடினேன்.