எச்சுக்கு அப்புறம் ஜே

"நிறுத்து! கதவைச் சாத்தாதே!"

பெர்னடெட் ஓடினாள். ஐம்பத்தோரு வயது, இரும்பு முனை வைத்த ஷூ, உருகிய பனியில் வழுக்கும் தரை. மூன்றும் கூட்டுச் சேர்ந்து அவளைக் கீழே தள்ளப் பார்த்தன.

பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்டை லாரிக்குள் பாதி நுழைத்திருந்த மார்லன் திரும்பினான். "என்ன மேடம், மாரத்தானா? சொல்லியிருந்தா தண்ணி பாட்டிலோட நின்னிருப்பேனே."

"அந்தப் பெட்டியை இறக்கு."

"டுவைட் கையெழுத்துப் போட்டாச்சு. பதினோரு மணிக்கு வண்டி கிளம்பணும்."

"இன்ஸ்பெக்டர் முத்திரை என்னுது. இறக்குன்னா இறக்கு."

பெட்டிக்குள் முந்நூறு வால்வுகள். மினசோட்டாவில் ஒரு கம்பெனி செய்யும் சுவாசக் கருவிகளுக்குள் உட்கார்ந்து, மூச்சுக்குத் தவிப்பவர்களுக்கு ஆக்ஸிஜனை அளந்து விடுபவை. கடைவது ஊருக்கு வெளியே ஸ்காட்டின் பட்டறையில். சரிபார்த்து அனுப்புவது ஈரி நகரத்தின் இந்தத் தொழிற்சாலையில், பெர்னடெட். நடுத்துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் வாயு கசியும். கருவியில் விளக்கு பச்சையாகவே எரியும். படுத்திருப்பவர் மட்டும் நீலம் பாரிப்பார். இருபத்திரண்டு வருடங்களில் அவள் கண்ணை ஏமாற்றிப் போன பொருள் இல்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள். இன்று காலை வரை அவளும் அதை நம்பிக்கொண்டிருந்தாள்.

அலுவலக அறையிலிருந்து காபிக் கோப்பையோடு வந்தார் மேனேஜர் டுவைட். "பெர்னி, என்ன கூத்து இது?"

வால்வின் அளவுகள் குறித்த டிராயிங்கை அவள் அவர் மார்பில் வைத்து அழுத்தினாள். "மூலையைப் பாருங்க."

"பார்த்தாச்சு. திருத்தம் ஐ. அதுக்கென்ன இப்ப..." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

டிராயிங் திருத்தப்படும் ஒவ்வொரு முறையும் மூலையிலுள்ள ஆங்கில எழுத்து ஒரு படி நகரும். ஆனால் 'ஐ'யை மட்டும் யாரும் தொடுவதில்லை. ஒற்றைக் கோடாக நிற்கும் அந்த எழுத்து எண் ஒன்றோடு குழம்பும். எச்சுக்கு அப்புறம் நேராக ஜே. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே காதில் ஓதப்படும் வழக்கம். டிராயிங் போடும் அந்த மினசோட்டா கம்பெனியில் 'ஐ' என்றொரு திருத்தம் பிறந்திருக்கவே முடியாது.

"ஸ்காட்!" என்று பல்லைக் கடித்தார் டுவைட். "துளை பெருசாப் போச்சு. பொருளைத் திருத்தறதுக்குப் பதிலா டிராயிங்கைத் திருத்திட்டான். ஏபிசிடி மட்டும் ஒழுங்காப் படிச்சிருக்கான், திருட்டுப்பய."

"நானும் விட்டுட்டேன்," என்றாள் பெர்னடெட். "நம்ம கம்ப்யூட்டர்லேருந்து டிராயிங்கை எடுத்துத்தான் அளக்கணும். அது திறக்க அஞ்சு நிமிஷம் ஆகுது. பெட்டியோட ஒரு தாள் வந்திருந்துச்சு. அதை வெச்சே அளந்துட்டேன்."

"அவன் பொருளை அவன் தாளாலயேவா?"

"ஆமா."

மார்லன் விசிலடிக்க வாயைக் குவித்து, பிறகு வேண்டாமென்று மூடிக்கொண்டான்.

டுவைட் அவளை வெறித்துப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, காத்திருக்கும்படி லாரிக்காரரிடம் கையசைத்தார். "சரி, விடு. இதுக்கு உனக்கு ஒரு எச்சரிக்கைக் கடுதாசி வரும், வாங்கிக்கோ. வண்டி இன்னும் நகரல. ஆளு முதல் தடவையே மாட்டிக்கிட்டான், நம்ம நல்ல நேரம்."

பெர்னடெட் நகரவில்லை.

"காலையில பழைய தாள்களைக் கோப்புல அடுக்கிட்டிருந்தேன், டுவைட். அப்பத்தான் இது கண்ணுல பட்டுச்சு."

"எந்தப் பழைய தாள்?"

மேலங்கிப் பைக்குள் கையை விட்டாள். நாலாக மடித்த இரண்டு காகிதங்களை எடுத்துப் பிரித்தாள். ஒன்றில் ஜனவரி தேதி, மற்றதில் பிப்ரவரி. இரண்டின் மூலையிலும் ஒற்றைக் கோடு, நேராக, கறுப்பாக.

"இதோட வந்த ரெண்டு பெட்டியும் போய்ச் சேர்ந்தாச்சு," என்றாள்.