பவர் இல்லாத கண்ணாடி

ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறேன். என் இடது கண்ணிலேயே புரை. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். வருடத்துக்கு ஒருமுறை என் கடைக்கு வருகிறவனை இந்தக் கண்ணால்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

கண் பரிசோதனை என்று சொல்லிக்கொண்டு வருவான். வயது முப்பதிலேயே நின்றுபோனவனுக்கு என்ன பரிசோதனை வேண்டிக்கிடக்கிறது?

நாங்கள் சேர்ந்து வாழ ஆரம்பித்தபோது இருவருக்கும் முப்பது. பிறகு எனக்கு மட்டும் வயது ஏறியது. "தம்பியா?" என்று கேட்டார்கள், பல்லைக் கடித்துக்கொண்டேன். ஐம்பதில் எதிர்வீட்டுக்காரி "பையனா?" என்றாள். அன்றே அவன் பெட்டியை வாசலில் வைத்தேன். "என்னை மாதிரி உனக்கும் வயசானா வா" என்றேன். கொட்டிய வார்த்தையை அள்ள முடியவில்லை. எட்டு வருடமாக அவன் டம்ளரைக்கூட நான் இடம் மாற்றவில்லை.

இன்று படிக்கும் அட்டையைக் கையில் கொடுத்தேன். தள்ளிப் பிடித்தான். இன்னும் தள்ளினான்.

"கடைசி வரி தெரியல."

"நல்லாப் பாரு."

"மங்கலா இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வயதாகிறதா இவனுக்கு? என்னோடு கூட வரப்போகிறானா? சந்தோஷத்தில் கை லென்ஸ் பெட்டிக்குள் தடுமாறியது. ஆனாலும் முப்பது வருடத் தொழில் புத்தி சும்மா இருக்குமா? கண்ணாடி ஆசையில் பொய் சொல்லும் பிள்ளைகளைப் பிடிக்க, பவரே இல்லாத இரண்டு வட்டக் கண்ணாடிகள் வைத்திருக்கிறேன். அவற்றைத்தான் சோதனை ஃப்ரேமில் போட்டு அவனுக்கு மாட்டினேன்.

"இப்போ?"

கடைசி வரியைக் கடகடவென்று படித்தான்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"அது வெறும் கண்ணாடி. ஏன் பொய் சொன்ன?"

அவன் ஃப்ரேமைக் கழற்றவில்லை.

"வயசானா வான்னுதானே சொன்ன. நானும் எட்டு வருஷமா கண்ணாடி முன்னாடி நின்னு பாக்குறேன். ஆக மாட்டேங்குது."

அழுகை வந்தது. அடக்கவில்லை. இவ்வளவு நாள் நான் யாருக்குப் பயந்தேன்? எதிர்வீட்டுக்காரிக்கா?

"அடுத்த வாரம் எனக்குக் கண் ஆபரேஷன்" என்றேன். தேதியே வாங்கவில்லை, அந்த நிமிடம்தான் முடிவு செய்தேன். "ஒரு மாசம், நாலு வேளை சொட்டு மருந்து விடணும். வீட்டோட இருந்து பாத்துக்க, கை நடுங்காத ஆள் வேணும்."

அவன் வலது கையை என் முன்னால் நீட்டிக் காட்டினான்.

முப்பது வயதுக் கை. நடுங்கிக்கொண்டிருந்தது.