நம் பக்கம் வராத நோய்

1
இந்தக் கதை ஒரே வரியிலிருந்து வந்தது: 'இந்நோய் நம் பகுதியில் இல்லை.' மக்காச்சோள நோய்க் கையேட்டில், ஒரு வைரஸ் நோயைப் பற்றி அதை எழுதியவள் நான்தான். 'நான்' என்று தொடர்ந்து எழுதக் கூசுகிறது. இனி அவள் 'அக்கா'.

2
குளிர்ந்த மலைச்சரிவுகளில் இலைக்கருகல், ஈரச் சமவெளிகளில் அடிச்சாம்பல், வறண்ட நிலங்களில் தண்டழுகல் என்று ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு...

(இப்படித் தொடங்கினால் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.)

3
தம்பி போன் செய்தபோது அக்கா ஆய்வு நிலையத்தில் கையேட்டின் அச்சுப்படியைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சோளம் ஓரத்துலேர்ந்து மஞ்சளாகுது. குருத்து காயுது. ஒரு எட்டு வந்து பாரேன்."

"சத்துக் குறைவா இருக்கும்டா. யூரியா* போடு."

"அந்த வைரஸ் நோயா இருக்குமோ?"

"அது நம்ம பக்கம் கிடையாது. புத்தகம் எழுதறவ நானா, நீயா?"

இருவரும் சிரித்தார்கள். (முதல் வரைவில் அக்கா மறுநாளே பஸ் ஏறினாள். பொய். மூன்று வாரம் போகவில்லை.)

*இலைக்குப் பச்சை கொடுக்கும். வைரஸை ஒன்றும் செய்யாது.

4
போனபோது கதிரில் மணியே பிடித்திருக்கவில்லை. இலையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினாள். அந்த நோயேதான். அதற்குள் பூச்சிகள் அதை வரப்பு தாண்டிப் பெரியப்பாவின் வயலுக்கும் கொண்டுபோயிருந்தன. இரண்டு வயலையும் வெட்டிக் கொளுத்தினார்கள். (புகையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அழகாக வந்துவிட்டது, நீக்கிவிட்டேன்.)

பெரியப்பா தம்பியின் சட்டையைப் பிடித்தார். "வாயைத் திறந்திருந்தா என் வயலாவது தப்பிச்சிருக்குமே! படிச்ச அக்கா இருக்கா, அவகிட்டயாவது கேட்டிருக்கக் கூடாதா?"

தம்பி அக்காவின் பக்கம் பார்க்கவே இல்லை. "தோணல பெரியப்பா. தப்பு என்னோடதுதான்."

5
முதல் முடிவு: அக்கா, "கேட்டான் பெரியப்பா, நான்தான்..."

இரண்டாவது: அன்று மாலை தனியாகப் போய்ச் சொல்லிவிடுகிறாள்.

அக்கா அப்படிப்பட்டவளாக இருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது. நடந்தது இதுதான். பெரியப்பா அவளிடம் திரும்பி, "நீயே சொல்லும்மா, கேட்டிருக்கலாம்ல?" என்றார்.

"ம்" என்றாள் அக்கா.

அவர் இன்றுவரை தம்பியோடு பேசுவதில்லை. தம்பி என்னோடு எப்போதும்போலப் பேசுகிறான்; அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த 'ம்'முக்குப் பிறகு ஒரு வாக்கியம் வேண்டும். முடிந்தால் நீங்கள் வையுங்கள். நான் வைத்துப் பார்த்ததெல்லாம் தாளில்தான் நிற்கிறது, வாய்க்கு வரவில்லை.