கற்பூரம் அணைத்தவர்

“இது குடியால வந்த நோய் இல்லேம்மா” என்று என் வீட்டுக்காரரைச் சோதித்த டாக்டர் சொன்னார். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மாவு மாதிரி ஏதோ கரைத்துக் குடிக்கவைத்து எடுத்த படம். இரைப்பையை ஒட்டிய குடலில் பை போல ஒன்று பிதுங்கியிருந்தது. அது பித்தம் வரும் குழாயை நெருக்கியதால்தான் உடம்பு மஞ்சளாகிவிட்டதாம்.

“இன்னாங்க சொல்றீங்கோ? சாராயம் குட்ச்சி ஈரல் கெட்டுப்பூடலியா?”

“கோளாறு ஈரல்ல இல்லே. இவர் குடிக்கிறவர்னு யார் சொன்னது?”

யார் சொன்னது! நான்தான் சொன்னேன். ராயபுரம் முழுக்கச் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் பரசுராமன் ஹார்பரில் மூட்டை இறக்குகிறவர். மதுவிலக்கு வந்த பிறகும் கள்ளச் சாராயம் தேடிக் குடித்தவர்தான். ஒருநாள் எங்கள் தெரு அம்மன் கோயிலில், எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். மூன்றாம் மாதம் கண் மஞ்சளானது. எனக்கு வந்ததே ஆத்திரம்! கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தும் இறங்கவில்லை. பொய்ச் சத்தியத்துக்கு ஆத்தா பிடித்துக்கொண்டாள் என்று தீர்மானித்துவிட்டேன். அவர் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல எனக்கு வெறி ஏறியது. வாயை மோந்து பார்ப்பேன். வாடை இல்லாவிட்டால் ஏலக்காய் மென்றுவிட்டு வந்திருக்கிறாய் என்பேன். சோற்றுத் தட்டைப் பிடுங்கியிருக்கிறேன். ஒன்றரை மாதம் வீட்டுக்குள்ளேயே விடவில்லை. மனுஷன் கிடங்கு ஓரம் படுத்து, அரிப்பெடுத்துச் சொறிந்து, உடம்பெல்லாம் புண். அங்கே மயங்கி விழுந்தவரைக் கூட வேலை செய்யும் ஜெயவேல்தான் ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்.

ஐயோ, நான் என்ன காரியம் செய்துவிட்டேன்!

வார்டுக்கு ஓடி அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். “யோவ், டாக்டரு சொல்லிட்டாருய்யா. இது குடியால வந்தது இல்லியாம். கொடல்ல இன்னாவோ பை கீதாம். ஆபரேசன் பண்ணா சரியாப்பூடுமாம்.”

கூரையைப் பார்த்துக் கிடந்தவர் மெதுவாகத் திரும்பினார். “நெசமாவா கெங்கம்மா? நான் குடிக்கலியா?”

“இன்னாய்யா கேக்கறே? ஒனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சிதான் இருந்துச்சி. நீ தெனம் சொன்னியா, ஆத்தாவும் வுடலியா... தூக்கத்துல எந்திரிச்சிப் போயி குட்ச்சிருப்பனோன்னு நெனச்சிக்கினேன். எங்க குட்ச்சேன்னு யோசிச்சி யோசிச்சிப் பாத்துக்கினு கெடந்தேன்.”

ஆபரேசனுக்குக் கொண்டுபோகத் தள்ளுவண்டியோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். அவரைத் தூக்கி அதில் கிடத்தினார்கள்.

“இன்னொரு தபா சொல்லு கெங்கம்மா” என்றார்.

வண்டி நகர்ந்தது. கதவுக்குள் போகும்வரை, கழுத்து நரம்பு புடைக்கத் தலையைத் தூக்கி, அந்த மஞ்சள் கண்களால் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.