சம்பந்தி வீட்டுக்குப் போன புலாவ்

"சீரகத்தை இப்போ போடாதேம்மா. கேரட் வதங்கட்டும்" என்றாள் லோலா.

மஸ்துரா கையை இழுத்துக்கொண்டாள். அவள் கொப்பரையில் புலாவ் கிண்டத் தொடங்கியபோது இந்தப் பெண் பிறக்கவே இல்லை. வேறு நாளாக இருந்தால் எனக்கே சொல்லித் தருகிறாயா என்று ஒரு பிடி பிடித்திருப்பாள். மகள் வாய் திறந்து பேச ஒரு விஷயம் கிடைத்ததே என்று இன்றைக்குப் பேசாமல் நின்றாள்.

வாதுமை பூத்திருந்த சமயத்தில் லோலாவைப் பெட்டியோடு கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள் புருஷன் வீட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷமாக வயிறு திறக்கவில்லை என்பது குற்றம். "கொஞ்ச நாள் அம்மாகூட இருக்கட்டும்" என்று மாமியார்க்காரி சலோமத் வெல்லமாகப் பேசினாள். அந்தக் கொஞ்ச நாளில் பழம் பழுத்து, உலர்ந்து, இப்போது உர்குத் சந்தையில் இலையுதிர் காலத்துப் பெகிப்பழமே வந்து குவிந்தாகிவிட்டது. புருஷன் சோபிர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை என்று ஊர் அவனை மெச்சியது. அதைக் கேட்கும்போதெல்லாம் மஸ்துராவுக்குப் பற்றிக்கொண்டு வரும். முதுகெலும்பு இல்லாதவனுக்கு ஊர் வைத்த நல்ல பெயர் அது. ஆனாலும் அவன் இன்னும் தலாக் சொல்லவில்லை. அம்மாவும் மகளும் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

தாம்பாளம் அனுப்பலாம் என்று யோசனை சொன்னவள் மஸ்துராவின் அண்ணி கரோமத். சம்பந்தி வீட்டுக்குப் புலாவ் அனுப்பினால் நாங்கள் இன்னும் உறவு என்று அர்த்தம். வேண்டாம் என்றால் பொழுது சாய்வதற்குள் சோற்றோடு தாம்பாளம் திரும்பி வந்துவிடும். ஏற்றுக்கொண்டால் வைத்துக்கொள்வார்கள், பிறகு அதில் ஏதாவது இட்டு நிரப்பித் திருப்புவார்கள். வெறும் பாத்திரத்தைத் திருப்புகிற வழக்கம் அந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் கிடையாது.

கேரட் வதங்கி அதன் தித்திப்பு ஆட்டின் வால்கொழுப்பில் இறங்கியது. லோலா மலைச்சீரகத்தை உள்ளங்கையில் வைத்துக் கசக்கித் தூவினாள். தோட்டத்துச் சீரகம் மாதிரி இல்லை அது. கறுத்து, மெலிந்து, மூக்கில் ஏறும் வாசனை. தனியாக விட்டால் கஷாயம் குடித்த மாதிரி வாயில் கசந்து நிற்கும். அதன் உஷ்ணத்தை அடக்கத் துணை வேண்டும். முழுப் பூண்டு இரண்டைப் புதைத்தாள். காய்ந்த புளிப்பு மணிகளை ஒரு பிடி போட்டாள். பேரிக்காய் மாதிரி மஞ்சளாக இருக்கும் பெகிப்பழத்தைப் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி கேரட்டின்மேல் கவிழ்த்தாள். கல்யாணமான புதிதில் அவளே கண்டுபிடித்த சேர்மானம் இது. சீரகம் என்றாலே முகம் சுளிக்கிற சோபிர், அன்றைக்குத் தட்டை வழித்துச் சாப்பிட்டானாம்.

"பெகியோட துவர்ப்பு சீரகத்தைப் புடிச்சு வெச்சுக்கும்மா. அந்த வீட்ல வேற யாருக்கும் இது வராது" என்றாள் லோலா. "வாயில வெச்சதும் அவருக்குத் தெரிஞ்சிடும், நான்தான்னு."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா வந்துடுவாரு."

ஒரு கவளத்தில் இவ்வளவு பாரத்தை ஏற்றுகிறாளே இந்தப் பெண் என்று மஸ்துராவுக்குப் பயமாக இருந்தது. பயத்தை வெளியே காட்டாமல் அரிசியைக் களையப் போனாள்.

புலாவைக் கிளறாமல் அடுக்கடுக்காக எடுத்துத் தாம்பாளத்தில் குவித்து, மேலே பெகித் துண்டுகளை வைத்து, துணி போட்டுக் கட்டினார்கள். கரோமத் அதைத் தூக்கிக்கொண்டாள்.

"உன் சம்பந்தி என்னைப் பார்த்தா மூஞ்சியத் திருப்பிக்குவா. பரவாயில்ல, புலாவைப் பார்த்து எவ மூஞ்சியத் திருப்புவா?"

"போற வழியில நீ கை வெக்காம இருந்தா சரி அண்ணி."

"வாசனைக்கே பாதி வயிறு ரொம்பிடுச்சுடி. மீதிய அவங்க தின்னட்டும்."

போன சுருக்கில் திரும்பி வந்தாள் கரோமத். வெறுங்கை! "வாங்கிக்கிட்டாங்க!" என்று வாசலிலிருந்தே கத்தினாள். "சலோமத் மூடின துணியத் தூக்கிப் பார்த்தா. 'அடடே, சரியான நேரத்துக்கு வந்துச்சு'ன்னா. விருந்தாளிங்க போல, வாசல்ல ஒரே செருப்பு. அதான் என்னை உள்ள கூப்பிடல."

மஸ்துராவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. யார் விருந்தாளி என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை. பொழுது சாய்ந்தது. தெருவில் காலடி கேட்கும்போதெல்லாம் இரண்டு பேரும் கதவைப் பார்த்தார்கள். தாம்பாளம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. லோலா தலைக்குக் குளித்தாள். வெகுநாளைக்குப் பிறகு புருவத்துக்குப் பச்சிலைச் சாறு தீட்டினாள். பெட்டியைத் திறந்து துணிகளை உதறி மடித்து வைத்தாள். மஸ்துரா சும்மா இருந்தாளா? ரொட்டிக்கடையில், தண்ணீர்க் குழாயடியில், எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சம்பந்தி தாம்பாளத்தை வைத்துக்கொண்ட கதையைச் சொல்லிவிட்டாள். ஊர் வாயை அடைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அந்த வாய்க்குத் தானே தீனி போட்டாள்.

ஒரு முற்பகல் வேளையில் உமிதா வந்தாள். அந்த வீட்டு மூத்த மருமகள், லோலாவுக்கு ஓரகத்தி. கையில் தாம்பாளம், மேலே பட்டுத்துணிக் கட்டு. மஸ்துரா ஓடிப்போய் வாங்கினாள். கனத்தது. அந்தக் கனமே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"உள்ள வாம்மா, உட்காரு, தேநீர் குடி."

"வேணாம்மா, நான் போகணும்" என்றாள் உமிதா. நிமிர்ந்தே பார்க்கவில்லை.

மஸ்துரா முடிச்சை அவிழ்த்தாள். கற்கண்டு, வறுத்த பாதாம், உலர்ந்த திராட்சை. அவற்றின் நடுவில் ஒரு பெரிய ரொட்டியின் பாதி. கத்தி படாமல் கையால் பிய்த்த பாதி.

அந்த ஊரில் அப்படிப் பிய்த்த ரொட்டி எங்கிருந்து வரும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். கல்யாணம் நிச்சயமானால் பெரியவர்கள் ரொட்டியைப் பிட்டு உறவு வீடுகளுக்கு அனுப்புவார்கள்.

"யாருக்கு நிச்சயம்?" என்றாள் மஸ்துரா. சலோமத்தின் தம்பி மகளாக இருக்கும் என்று மனம் அவசர அவசரமாக ஒரு பெயரைத் தேடியது.

உமிதா அழ ஆரம்பித்தாள்.

"நான் என்னம்மா செய்வேன், கொடுத்துட்டு வான்னாங்க. அன்னிக்கு, தம்பிக்குப் பார்த்திருக்கிற புதுப் பொண்ணோட மாமன்மாருங்க எங்க வீட்டைப் பார்க்க வந்திருந்தாங்க. அத்தை உங்க புலாவைத்தான் நடுவுல வெச்சாங்க. அதுல ஒரு பெரியவர் சாப்பிட்டுட்டு, 'இப்படிச் சமைக்கிற வீட்ல நம்ம பொண்ணுக்கு ஒரு குறையும் வராது'ன்னாரு. அங்கேயே சம்மதம் சொல்லிட்டாங்க. தலாக்கை ஆள் விட்டுச் சொல்லி அனுப்புறாங்களாம்."

லோலா அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றிருந்தாள். அவள் அழவில்லை.

"அவரு சாப்பிட்டாராக்கா?"

"விடு லோலா."

"சாப்பிட்டாரா?"

"ஒரு வாய் வெச்சாரு. கை அப்படியே நின்னுடுச்சு. நிமிர்ந்து என்னைப் பார்த்தாரு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்."

"அப்புறம்?"

"சமைச்சது யாருன்னு அந்தப் பெரியவர் கேட்டாரு." உமிதா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தம்பிதான் பதில் சொன்னாரு. 'எங்க அம்மா'ன்னாரு. சொல்லிட்டுச் சாப்பிட்டு முடிச்சாரு."

உமிதா போன பிறகு மஸ்துராவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது. தன் கையால் அரிசி களைந்து, தன் அண்ணி கையால் அனுப்பி, மகளின் வாழ்க்கையைத் தானே பந்தி வைத்துவிட்டதாகத் தோன்றியது. ரொட்டியை எடுத்து ஓங்கினாள். ஓங்கிய கை இறங்க மறுத்தது. ரொட்டியைத் தரையில் எறிந்தவர்கள் அவள் வம்சத்திலேயே கிடையாது.

"மாட்டுக்கு வெக்கிறேன்" என்றாள்.

"வேணாம்மா. நிச்சய ரொட்டி மாட்டு வாய்க்குப் போனா அந்த வீடு விளங்காதும்பாங்க."

"விளங்காமப் போகட்டும்! நாசமாப் போகட்டும்!"

"அவரும் அந்த வீட்லதானம்மா இருக்காரு."

லோலா ரொட்டியை அம்மாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டாள். இன்னொரு துண்டு. நாலு நாளைய ரொட்டி, கல்லாக இருந்தது. மென்று மென்று விழுங்கினாள். விக்கல் வந்தது. நிறுத்தவில்லை.

"போதும்டி, வெச்சிடு" என்று மஸ்துரா கெஞ்சினாள்.

லோலா தலையை மட்டும் ஆட்டினாள். மஸ்துராவுக்கு அவள் கையைப் பிடித்துத் தடுக்கவும் தெம்பில்லை. கெட்டிலை எடுத்து, ஒரு கோப்பையில் தேநீர் ஊற்றி மகளிடம் நீட்டினாள். அந்தக் கடைசித் துண்டும் தொண்டைக்குள் இறங்க வேண்டுமே.