பால் நிற்கும் வரை

தையல்காரிக்கு ஏழாம் மாதத் தொடக்கத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. ஆடைக் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தவளுக்கு இடுப்பு வலி கண்டது. பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தலைச்சன், பெண். உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு. கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயும் நெஞ்சில் ஒயருமாகக் கிடந்ததைப் பார்த்தபோது, யாரோ பெற்ற பிள்ளையை எட்டி நின்று பார்ப்பதுபோல்தான் இருந்தது அவளுக்கு.

"தாய்ப்பால்தான் இதுக்கு மருந்து. சொட்டா இருந்தாலும் பரவாயில்ல, கொண்டாங்க," என்றாள் வார்டு சிஸ்டர்.

சொட்டும் வரவில்லை. பால் எடுக்கும் அறையில் பம்பு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்து நாற்காலியில் இருந்த இரட்டைப் பிள்ளைக்காரியின் பாட்டில் மளமளவென்று நிறையும். "என்ன பண்றது, சட்டியில இருந்தாதானே அகப்பையில வரும்," என்று தன்னைத் தானே கிண்டல் செய்வாள். மற்ற பெண்கள் சிரிப்பார்கள். காலிப் பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே போவாள்.

அந்த அறைக்கு ஒரு பெண் சின்னக் கீபோர்டோடு வருவாள். இசையால் சிகிச்சை செய்வது அவள் வேலை. தாய்மார்கள் அவளுக்கு வைத்த பெயர் பாட்டு டீச்சர்.

"பாட்டால பால் வருமா?" என்று ஒருநாள் தையல்காரி வெடுக்கென்று கேட்டாள்.

"பாட்டு பாலை உண்டாக்காதும்மா. பயம் பாலை அடைச்சு வைக்கும். பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கத்தான் பாட்டு."

"எனக்குப் பாடவே வராது. நான் வாயைத் திறந்தா கம்பெனியில மெஷினை விட்டுட்டு ஓடிருவாங்க."

"ராகமெல்லாம் வேணாம். உள்ள இருந்தப்போ அவ கேட்டது உங்க குரலைத்தானே. அது போதும்."

பாட்டு டீச்சர் அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குக் கூட்டிப்போனாள். குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து, அதற்குத் தக்கபடி மெல்ல முனகச் சொன்னாள். ம்ம்... ம்ம்... சுருதியில்லாத முனகல்தான். ஆனால் தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்த நாடித்துடிப்பு, திரையில் படிப்படியாக இறங்கியது. குழந்தையின் நெற்றிச் சுருக்கம் விட்டது. தையல்காரிக்கு மார்பு சுருக்கென்றது, ரவிக்கை நனைந்தது.

அதற்குப்பின் பம்பு மாட்டும்போதெல்லாம் பாட்டு டீச்சர் அதே முனகலைக் கீபோர்டில் வாசிப்பாள், இவளும் கூடவே முனகுவாள். பாட்டில் பாதி நிறைந்த அன்று, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்ற புருஷனிடம் அதை விளையாட்டில் ஜெயித்த கோப்பைபோலத் தூக்கிக் காட்டினாள். லாரி ஓட்டுகிறவன் அவன். கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே ஹார்ன் அடிப்பதுபோல் கையைக் காட்டினான்.

ஒரு காலையில் குழந்தையின் வயிறு உப்பியிருந்தது. பாலை நிறுத்தினார்கள். "குடல்ல கிருமி பரவிடுச்சு," என்றார் டாக்டர்.

"என் பாலாலயா?"

"இல்லம்மா. குறைமாசக் குழந்தைங்களுக்கு வர்ற நோய் இது."

அவள் நம்பவில்லை. மறுநாள் மதியம் குழந்தை போய்விட்டது. குழாயெல்லாம் எடுத்துவிட்டுத் துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தார்கள். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அவள் முனக ஆரம்பித்தாள். பழக்கப்பட்ட மார்பு பாலைச் சுரந்தது. ரவிக்கை நனைந்து, துணி நனைந்து, குழந்தையின் கன்னத்தில் வழிந்தது. புருஷன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் அவள் பாட்டு டீச்சரின் முன்னால் போய் நின்றாள். மார்பு கல்லாகக் கட்டியிருந்தது.

"வர வைக்கப் பாட்டு வச்சிருக்கீங்களே, நிறுத்த ஒண்ணு சொல்லுங்க."

பாட்டு டீச்சர் கீபோர்டை மூடினாள். "அப்படி ஒண்ணு இல்லம்மா. குளிர்ந்த துணி வச்சுக்குங்க. ரொம்ப வலிச்சா மட்டும் கொஞ்சமா பீய்ச்சி விடுங்க. தானா வத்திரும்."

"நீங்க வராம இருந்திருந்தா இந்தப் பாலே வந்திருக்காது."

"ஆமா," என்றாள் பாட்டு டீச்சர். நாற்காலியை இழுத்துப் போட்டு, தையல்காரி எழுந்து போகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

கிளம்பும்போது சிஸ்டர் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "ஃபிரிட்ஜில உங்க பாட்டில் இருக்கு. வேற குழந்தைக்குக் கொடுக்கலாமா?"

"கொட்டிடுங்க," என்றாள். பச்சை உடம்புக்காரியின் குரல் அவ்வளவு வறண்டிருந்தது.

பஸ்ஸில் யார் குழந்தை அழுதாலும் பால் வந்தது. மடித்த துணியை உள்ளே வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். யாரும் எதுவும் கேட்கவில்லை, அதுவரைக்கும் புண்ணியம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கழிப்பறைக்குப் போய்த் துணியை எடுத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. மார்பை அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. எப்போது நிற்கும் எப்போது நிற்கும் என்று காத்திருந்தவள், தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள்.